ஃபூர் எலீஸ்: முதல் பக்கம் பறக்கிறது, நடுவில் வந்து நின்றுவிடுகிறது. மகளுக்கு வீட்டில் எப்படி உதவுவது?

நிலாமுற்றம்

எல்லோருக்கும் வணக்கம். என் மகளுக்குப் பத்து வயது, பியானோ ஆரம்பித்து மூன்றரை வருடம். வாரம் ஒரு வகுப்பு, அரை மணி நேரம். பீத்தோவனின் ஃபூர் எலீஸ் வாசிக்க வேண்டும் என்று அவளேதான் கேட்டாள், ஆசிரியரும் சம்மதித்தார். சுருக்கி எளிமையாக்கியது இல்லை, முழு மூலம்.

முதல் பக்கம் இரண்டு வாரத்தில் வந்துவிட்டது. வீட்டுக்கு யார் வந்தாலும் அதை வாசித்துக் காட்டுவாள், அவ்வளவு சந்தோஷம். அதற்கு அப்புறம் இரண்டு மாதமாக ஒரு அடி நகரவில்லை. தினமும் முதலிலிருந்து ஆரம்பிக்கிறாள், சர்ரென்று ஓடுகிறாள், எஃப் மேஜர் என்ற வேறு சுரவரிசைக்கு மாறுகிற இடம் வந்ததும் தடுமாறுகிறாள், உடனே கையை எடுத்து மறுபடி முதல் வரிக்குப் போகிறாள். அரை மணி நேரத்தில் இது பதினைந்து முறையாவது நடக்கும். நேற்று மூடியைப் படாரென்று சாத்திவிட்டு அழுதுகொண்டே போய்விட்டாள்.

எனக்குப் பியானோ வாசிக்கத் தெரியாது. ஐந்து கோட்டில் எந்தச் சுரம் சி, எது ஜி என்று விரல்விட்டு எண்ணிச் சொல்லும் அளவுக்குத்தான் தெரியும். "அந்த இடத்தை மட்டும் வாசியேன்" என்றால் "உனக்கு என்னம்மா தெரியும்" என்கிறாள், அதுவும் உண்மைதானே. வாசிக்கத் தெரியாத ஒரு அம்மா இதில் உருப்படியாக என்ன செய்ய முடியும்? இல்லை, இந்தப் பாட்டே அவளுக்கு இப்போது அதிகமா?

கருப்புக்கட்டை

சகோதரி, பியானோ சொல்லித் தருவதுதான் என் தொழில். நீங்கள் எழுதியதைப் படிக்கும்போதே எங்கே சிக்கல் என்று தெரிகிறது, ஏனென்றால் இந்தப் பாட்டை எடுக்கும் குழந்தைகளில் பாதிப் பேர் இதே இடத்தில்தான் நிற்கிறார்கள்.

முதலில் பாட்டின் அமைப்பைப் பாருங்கள். எல்லோருக்கும் தெரிந்த அந்தத் தலைப்பகுதி மூன்று முறை வருகிறது. அதற்கு இடையில் இரண்டு புதுப் பகுதிகள்: ஒன்று உங்கள் மகள் தடுக்கி விழும் எஃப் மேஜர் பகுதி, இன்னொன்று இடது கை ஒரே ஏ-வைத் திரும்பத் திரும்ப அடிக்க மேலே கனமான கார்டுகள் (பல சுரங்களை ஒரே நேரத்தில் அழுத்துவது) வரும் பகுதி. இவ்வளவுதான் பாட்டு. அப்படியென்றால் அவள் கணிசமான பகுதியை ஏற்கனவே முடித்துவிட்டாள், இதை அவளிடம் தாளை விரித்துக் காட்டிச் சொல்லுங்கள். "இன்னும் எவ்வளவோ இருக்கிறது" என்ற பயத்தில் உட்காரும் குழந்தைக்கு அது பெரிய விஷயம்.

அடுத்தது வேகம். தலைப்பகுதியில் கைகள் மாறி மாறித்தான் வேலை செய்கின்றன, இடது கை ஏ-ஈ-ஏ என்று மூன்று சுரம் கொடுத்தால் வலது கை சி-ஈ-ஏ என்று மூன்று சுரத்தில் வாங்கிக்கொள்ளும். அதனால் குழந்தைக்கு வேகம் சுலபமாக வந்துவிடும், வந்ததும் இன்னும் கூட்டும். ஆனால் எஃப் மேஜர் பகுதியின் பின்பாதியில் பீத்தோவன் சுரங்களை இரட்டை வேகத்தில் எழுதியிருக்கிறார். அதே தாளம்தான், ஒரு தட்டுக்கு இரண்டாக இருந்த சுரங்கள் அங்கே நான்கு. தலைப்பகுதியில் வேகமாக ஓடுபவள் அங்கே மோதாமல் என்ன செய்வாள்?

ஆகவே மொத்தப் பாட்டின் வேகத்தையும் அந்த இரட்டை வேக வரியிலிருந்து எடுங்கள். அந்த வரியை எந்த வேகத்தில் தப்பில்லாமல் வாசிக்க முடிகிறதோ அதுதான் இன்றைய வேகம், தலைப்பகுதிக்கும் அதேதான். பாட்டு 3/8 தாளம், ஒரு பாருக்கு, அதாவது தாளில் இரண்டு குத்துக்கோடுகளுக்கு நடுவே, மூன்று தட்டு. தாளம் தட்டும் கருவியான மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 தட்டில் வைத்து ஆரம்பியுங்கள், தேவைப்பட்டால் 50.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். சுரம் சொல்லித் தர நீங்கள் தேவையில்லை, அதற்கு ஆசிரியர் இருக்கிறார். தினமும் எங்கிருந்து ஆரம்பிப்பது என்பதை மட்டும் நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். அதற்குப் பியானோ தெரிய வேண்டியதில்லை. பென்சிலால் தாளில் எட்டு பத்து இடங்களில் எண் போடுங்கள், ஒவ்வொன்றும் ஒரு ஆரம்பம். முதல் வரிக்கு எண் கொடுக்காதீர்கள்.

மெல்லிசைஅப்பா

நான் செய்த தவறை இங்கே எழுதிவிடுகிறேன், யாருக்காவது உதவட்டும்.

என் மகன் இதே பாட்டு வாசித்தபோது நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து ஒவ்வொரு தப்புச் சுரத்துக்கும் "ம்ஹூம்" என்பேன். திட்டியதே இல்லை, வெறும் "ம்ஹூம்"தான். இரண்டு வாரத்தில் அவன் ஒவ்வொரு சுரத்துக்கும் முன்னால் என் முகத்தைப் பார்க்க ஆரம்பித்துவிட்டான். கையில் இருந்த கவனம் மொத்தமும் என் முகத்துக்கு வந்துவிட்டது. இதை அவனுடைய ஆசிரியர்தான் கண்டுபிடித்துச் சொன்னார், எனக்கு அன்றைக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது.

அதற்கப்புறம் நாற்காலியை அவன் கண்ணில் படாதபடி பின்னால் போட்டேன். ஐந்து பென்சிலைப் பியானோ மேல் இடது ஓரம் வைத்தோம். ஒரு சின்ன இடம், அதிகம் போனால் இரண்டு பார். தப்பில்லாமல் வந்தால் ஒரு பென்சில் வலது ஓரத்துக்குப் போகும், தப்பு வந்தால் எல்லாம் திரும்ப இடது பக்கம். தப்பா சரியா என்று தீர்ப்புச் சொல்வது அவன்தான், நான் இல்லை. அவன் என்னைவிடக் கறாராக இருந்தான் என்பது வேறு விஷயம். ஐந்தும் வலப்பக்கம் போய்ச் சேர்ந்தால் அந்த இடம் அன்றைக்கு முடிந்தது.

ஒன்று கவனியுங்கள், பத்து நிமிடமாகியும் ஐந்து பென்சில் நகரவில்லை என்றால் வேகம் அதிகம், இல்லையென்றால் இடம் பெரிது. இரண்டில் ஒன்றைக் குறைத்துவிடுங்கள். குழந்தையைக் குறை சொல்ல அதில் ஒன்றுமில்லை.

தூறல்

நான் கொஞ்சம் வேறு மாதிரி சொல்கிறேன், கருப்புக்கட்டை சார் கோபித்துக்கொள்ளக் கூடாது. பதினோரு வயதில் எனக்கு மிகப் பெரிய பாட்டு ஒன்றைக் கொடுத்து, அதை முடித்தே ஆக வேண்டும் என்று ஒரு வருடம் பிடித்து வைத்தார்கள். முடித்தேன். முடித்த மறுநாளிலிருந்து ஏழு வருடம் பியானோவைத் தொடவில்லை.

அந்தப் பெண்ணுக்கு முதல் பக்கம் சந்தோஷம் தருகிறது, விருந்தினருக்கு வாசித்துக் காட்டுகிறாள். அதை அப்படியே விட்டுவிட்டு, மீதியை அடுத்த வருடம் எடுத்தால் என்ன குறைந்துவிடும்? இந்தப் பாட்டு எங்கேயும் போய்விடாதே.

கருப்புக்கட்டை

தூறல், கோபம் எதற்கு. உங்களுக்கு நடந்தது நடக்கக் கூடாதது. குழந்தை தானாக வேண்டாம் என்று சொன்னால் அன்றே தாளை மூடி எடுத்து வைக்கலாம், நானே பல முறை அப்படிச் செய்திருக்கிறேன்.

ஆனால் இவள் வேண்டாம் என்று சொல்லவில்லையே. மூடியைச் சாத்திவிட்டு அழுகிறாள் என்றால் அவளுக்கு அது வேண்டும் என்று அர்த்தம். பாட்டு அதிகமா என்று பார்க்க ஒரு சின்னச் சோதனை இருக்கிறது: எஃப் மேஜர் பகுதியின் வலது கையை மட்டும், மிக மெதுவாக, தாளைப் பார்த்து நான்கு பார் வாசிக்கச் சொல்லுங்கள். சரியான விரல்களோடு வந்துவிட்டால் பாட்டு அதிகமில்லை, பழகும் முறைதான் மாற வேண்டும். தனிக் கையிலேயே ஒவ்வொரு சுரத்தையும் தேடினால் தூறல் சொல்வதுதான் சரி, இரண்டு மூன்று சின்னப் பாட்டுகளை முடித்துவிட்டுத் திரும்பி வரலாம்.

நிலாமுற்றம்

எல்லோருக்கும் நன்றி. மெல்லிசைஅப்பா எழுதியதைப் படித்து நான் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நான் "ம்ஹூம்" சொல்வதில்லை, ஆனால் பெருமூச்சு விடுவேன். அவளுக்கு அது கேட்டிருக்கும்.

சோதனை செய்தோம். வலது கை மெதுவாக வந்துவிட்டது. இடது கையும் தனியாக வருகிறது. சேர்த்தால்தான் குழப்பம். அதுவும் அந்த இரட்டை வேக வரியில் வலது கையே தனியாகவும் பிசகுகிறது.

இன்னொரு விஷயம், சிரிக்காதீர்கள். ஏழாவது பாரில் வலது கையின் இரண்டாவது சுரம் அவள் புத்தகத்தில் ஈ, அவள் பார்க்கும் வீடியோவில் டி. இதை வைத்தே எங்களுக்குள் ஒரு நாள் முழுக்கச் சண்டை. எது சரி?

ஐந்துகோடு

நிலாமுற்றம், இரண்டு பேருமே ஜெயித்தீர்கள். அந்தச் சுரம் பதிப்புக்குப் பதிப்பு மாறும், அறிஞர்களே அதில் ஒத்துப்போவதில்லை. பீத்தோவன் இதை 1810-இல் எழுதினார், அவர் 1827-இல் இறந்தபோதுகூட அச்சாகவில்லை. லூட்விக் நோல் என்பவர் ஒரு கையெழுத்துப் பிரதியைப் பார்த்து 1867-இல் வெளியிட்டார், அந்தப் பிரதி அப்புறம் காணாமலே போய்விட்டது. எலீஸ் யார் என்பதிலும் இன்றுவரை முடிவில்லை. இதை மகளிடம் கதையாகச் சொல்லுங்கள், அந்த வயதில் இப்படி ஒரு துப்பறியும் கதை கிடைத்தால் தாளின் மேல் ஒரு பிரியம் வந்துவிடும். வாசிப்பதற்கு அவளுடைய புத்தகத்தில் இருப்பதையே வைத்துக்கொள்ளட்டும், வாரத்துக்கு ஒன்றாக மாற்ற வேண்டாம்.

இனி எஃப் மேஜர். நான் பெரியவனான பிறகு தானாகக் கற்றவன், இந்த இடத்தில் நானும் மாதக்கணக்கில் கிடந்தேன், அதனால் விவரமாகவே எழுதுகிறேன்.

இடது கை: எஃப்-ஏ-சி-ஏ-சி-ஏ என்று உடைத்து உடைத்து வருகிறதல்லவா, அதை முதலில் உடைக்காமல் எஃப், ஏ, சி மூன்றையும் சேர்த்து ஒரே கார்டாக அழுத்தச் சொல்லுங்கள். அடுத்த பாரில் எஃப், பி ஃப்ளாட், டி, அதையும் ஒரே அழுத்தாக. இப்படிப் பகுதி முழுவதையும் கார்டு கார்டாக மட்டும் வாசித்தால் கைக்கு வழி தெரிந்துவிடும். ஆறு தனித்தனிச் சுரமாக நினைவில் வைத்திருந்தது ஒரே ஒரு கைவடிவமாகிவிடும். அதன் மேல் வலது கையைச் சேர்த்துப் பாருங்கள், இரண்டு கை சேரும் குழப்பத்தில் பாதி அங்கேயே தீரும். வலது கையில் சிறிய எழுத்தில் அச்சிட்ட அலங்காரச் சுரங்கள் இருக்கும், முதல் ஒரு வாரம் அவற்றை விட்டுவிடுங்கள்.

இரட்டை வேக வரி: அங்கே ஒரு ஜி ஒவ்வொரு சுரத்துக்கும் நடுவில் வந்து வந்து போகும். ஏ-ஜி, பி-ஜி, சி-ஜி, டி-ஜி என்று. அந்த ஜி எல்லாம் கட்டைவிரலுக்கு. முதலில் ஜி-யே இல்லாமல் ஏறும் சுரங்களை மட்டும் வாசிக்கட்டும், ஏ, பி, சி, டி, ஈ, வெறும் படிக்கட்டு. காது அதைப் பிடித்துக்கொண்ட பிறகு ஜி-யைக் கட்டைவிரலால் தொட்டும் தொடாததுமாகச் சேர்க்கட்டும். குழந்தைகள் கட்டைவிரலைத்தான் பலமாக அடிப்பார்கள், கை அங்கேயே இறுகிவிடும், அப்புறம் வேகம் எப்படி வரும்? இடது கைக்கு அந்த வரியில் ஓட்டம் கிடையாது, அது ஒரு ஆறுதல்.

தூறல்

ஐந்துகோடு சொல்வது பாட்டு கற்ற எனக்கு நன்றாகப் புரிகிறது. முதல் காலத்தில் (மெதுவான வேகத்தில்) சுத்தமாக வராத வரிசை இரண்டாம் காலத்தில் (இரட்டை வேகத்தில்) வந்ததாகச் சரித்திரமே இல்லை. எங்கள் வாத்தியார் முதல் காலத்தைப் பாடவைத்துவிட்டு, தாளத்தை நிறுத்தாமல் அப்படியே இரண்டாம் காலம் போகச் சொல்வார். இங்கேயும் அதைச் செய்யலாம் என்று நினைக்கிறேன்: அம்மா தாளம் போடுங்கள், ஒரு பாருக்கு மூன்று தட்டு, நிறுத்தாமல். மகள் தலைப்பகுதியிலிருந்து இரண்டு பார், உடனே அந்த இரட்டை வேக வரியிலிருந்து ஒரு பார். தட்டு மாறக் கூடாது. பியானோ தெரியாத அம்மாவுக்கும் இதில் ஒரு உண்மையான வேலை கிடைக்கிறது, அவளும் "உனக்கு என்ன தெரியும்" என்று சொல்ல முடியாது.

மெல்லிசைஅப்பா

அருமை தூறல்.

உடம்பு விஷயத்தை யாரும் சொல்லவில்லையே. ஸ்டூலின் உயரம் பாருங்கள், கட்டையில் கை வைக்கும்போது முழங்கை கட்டையின் மட்டத்தில் இருக்க வேண்டும். கால் தொங்கினால் கீழே பலமான பலகை ஏதாவது போடுங்கள், தொங்குகிற காலோடு ஒரு குழந்தை நிமிர்ந்து உட்காரவே முடியாது. நகமும் வெட்டியிருக்க வேண்டும்.

ஒலியை நீட்டும் கால் பெடல் இப்போதைக்கு வேண்டாம் என்பது என் கருத்து. பெடலை அழுத்திக்கொண்டே வாசித்தால் தப்பெல்லாம் ஒலியில் கலந்து மறைந்துவிடும், குழந்தைக்குத் தன் தப்பே கேட்காது.

கருப்புக்கட்டை

பெடலைப் பற்றி நானும் அதேதான் சொல்வேன். சுரங்கள் கையில் உறுதியாக நின்ற பிறகு பெடல்.

நிலாமுற்றம், ஒன்று மறக்காமல் செய்யுங்கள். இங்கே பேசியதை அவளுடைய ஆசிரியரிடம் சொல்லிவிடுங்கள். முக்கியமாக விரல் எண்கள், எந்தச் சுரத்துக்கு எந்த விரல் என்பது. நாங்கள் ஒன்று சொல்லி அவர் வேறொன்று சொன்னால் குழந்தைதான் நடுவில் மாட்டிக்கொள்ளும், அப்படி வந்தால் அவர் சொல்வதே இருக்கட்டும். அப்புறம், பழகும் துண்டு எங்கே முடிகிறதோ அங்கே நிறுத்தாதீர்கள். எந்தத் துண்டைப் பழகினாலும் அடுத்த பாரின் முதல் சுரம் வரை போய் நிற்க வேண்டும். ஒட்டு போடும் இடத்தில்தான் தையல் பிரியும்.

அரை மணி நேரத்தை ஒரே மூச்சில் வைக்காமல் பத்துப் பத்து நிமிடமாக மூன்று வேளையாகப் பிரித்துப் பாருங்கள். காலையில் எழுந்ததும் ஐந்து நிமிடம், அந்தக் கடின இடம் மட்டும். முதல் நாள் சாயங்காலம் வராதது மறுநாள் காலையில் சும்மா வந்து நிற்பதை அவளே பார்ப்பாள், தூக்கத்தில் கை பழகுவது அவ்வளவு உண்மை.

முதல் பக்கத்தை வாசிக்கவே கூடாது என்று தடை போடாதீர்கள். கடைசி ஐந்து நிமிடம் அவள் இஷ்டம், எவ்வளவு வேகமாக வேண்டுமானாலும் ஓடட்டும்.

நிலாமுற்றம் (மூன்று வாரம் கழித்து)

வந்துவிட்டேன். எழுத நிறைய இருக்கிறது.

முதல் வாரம் பெரிய போராட்டம். எண் போட்ட இடத்திலிருந்து ஆரம்பிக்கச் சொன்னால் அவளால் முடியவே இல்லை, கை தானாக முதல் வரிக்கே ஓடியது. முதலிலிருந்து ஓடி வந்தால்தான் அந்த இடமே அவளுக்கு நினைவுக்கு வந்தது. அப்போதுதான் எனக்கே புரிந்தது, இரண்டு மாதமாக அவள் அந்த இடத்தைப் பழகவே இல்லை. பதினைந்து முறை முதல் பக்கத்தைத்தான் பழகியிருக்கிறாள்.

பிறகு ஒவ்வொரு எண்ணுக்கும் அவளே பெயர் வைத்தாள். எஃப் மேஜருக்கு "ஜன்னல் திறக்கிறது", இரட்டை வேக வரிக்கு "அணில்". பெயர் வைத்ததும் எல்லாம் மாறிவிட்டது, "இன்றைக்கு அணில் மட்டும்" என்று அவளே சொல்கிறாள். ஐந்து பென்சில் விளையாட்டில் அவள்தான் நீதிபதி. நான் பின்னால் உட்கார்ந்து தொடையில் தட்டுகிறேன். இப்போது 60-இல் ஜன்னலும் அணிலும் சேர்ந்து வருகின்றன, எட்டு நாளாக அழுகை இல்லை. அவளுடைய ஆசிரியர் இரண்டு இடத்தில் விரலை மாற்றிக் கொடுத்தார், அதையே வைத்துக்கொண்டோம்.

தலைப்பகுதியை 60-இல் வாசிக்கச் சொன்னபோது மட்டும் முகம் சுருங்கியது. ஆனால் மெதுவாக வாசித்தபோது ஒரு பழைய தப்பு வெளியே வந்தது: ஈ-யும் டி ஷார்ப்பும் மாறி மாறி வந்து தலைப்பகுதி திரும்பும் இடத்தில் ஒவ்வொரு முறையும் வேறு வேறு எண்ணிக்கை வாசித்துக்கொண்டிருந்தாள். வேகத்தில் எங்கள் யாருக்கும் தெரியவில்லை.

இப்போது இரண்டாவது கடின இடம், இடது கை ஏ-வை அடித்துக்கொண்டே இருக்கும் பகுதி. பத்து பார் போனதும் மணிக்கட்டு வலிக்கிறது என்கிறாள். அதற்கப்புறம் ஒரு ஆர்பெஜியோ (சுரம் சுரமாக உடைத்து வாசிக்கும் கார்டு) மேலே ஏறி, கறுப்பு வெள்ளை ஒன்று விடாமல் இறங்குகிறது, அங்கே விரல் எல்லாம் பின்னிக்கொள்கிறது.

கருப்புக்கட்டை

அணில்! இனி என் மாணவர்களுக்கும் அதே பெயர்தான்.

வலி என்றால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள், இதில் பேச்சே இல்லை. பெரும்பாலும் அவள் ஒவ்வொரு ஏ-வையும் மேலிருந்து ஓங்கி அடிக்கிறாள். விரல் கட்டையை விட்டு எழும்பவே வேண்டாம், கட்டை முழுவதும் மேலே வருவதற்குள்ளேயே மறுபடி அழுத்தலாம். இடது கை மட்டும், மிக மெல்லிய ஒலியில், இரண்டே பார். தூரத்தில் கேட்கும் முரசு மாதிரி. ஒரே விரலால் அடிக்கிறாளா, விரல் மாற்றி மாற்றி அடிக்கிறாளா என்றும் பாருங்கள், இரண்டும் வழக்கத்தில் உள்ளதுதான், சின்னக் கைக்கு மாற்றி அடிப்பது களைப்பைக் குறைக்கும். எதுவானாலும் வகுப்பில் கேட்டு முடிவு செய்யுங்கள். கனம் முழுக்க மேலே இருக்கும் வலது கை கார்டுகளுக்கு, இடது கை பின்னாலிருந்து அதிர்ந்தால் போதும்.

ஐந்துகோடு

இறங்கும் வரிக்கு: கறுப்புக்கெல்லாம் மூன்றாம் விரல் (கட்டைவிரலை ஒன்றாக எண்ணினால் நடுவிரல்), வெள்ளைக்குக் கட்டைவிரல். இரண்டு வெள்ளை அடுத்தடுத்து வரும் இடங்களில், அதாவது சி-பி, எஃப்-ஈ, அங்கே மட்டும் இரண்டாம் விரலும் கட்டைவிரலும். இந்த ஒரு விதியை முதலில் மேஜை மேல் விரலால் சொல்லிப் பழகட்டும். நீங்களும் கூடவே செய்யலாம், இதற்கும் பியானோ தெரிய வேண்டியதில்லை. ஆர்பெஜியோ ஏ-சி-ஈ மூன்று மூன்றாக ஏறுவது, அதை முன்பு சொன்ன மாதிரி கார்டு கார்டாக அழுத்தி, கை தாவும் தூரத்தை மட்டும் முதலில் பழகுங்கள்.

நிலாமுற்றம்

மேஜையில் இரண்டு பேரும் பழகினோம், என் விரல்தான் அதிகம் பின்னிக்கொண்டது. அதைப் பார்த்து அவள் எனக்குச் சொல்லித் தர ஆரம்பித்துவிட்டாள், "அம்மா, எஃப் வந்தால் ரெண்டு, மறக்காதே" என்று.

இன்று காலை நான் அடுத்த அறையில் இருந்தேன். மூடி திறக்கும் சத்தம் கேட்டது. முதல் வரி வரும் என்று நினைத்தேன், வரவில்லை. இடது கை ஏ மட்டும், மெதுவாக, இரண்டு பார். கொஞ்சம் இடைவெளி. மறுபடி அதே இரண்டு பார். நான் உள்ளே போகவில்லை.